அணுக்களை இணைக்கும் கோடு

ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறக்கும் நாட்களில், வடநாட்டு ஊர்களில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில் ஆண்டுதோறும் தவறாது நடைபெறும் காரியம் ஒன்று உண்டு. கட்டிலின் அடியில் கிடக்கும் டிரங்குப் பெட்டி வெளியே இழுக்கப்படும். தமிழகத்தில் இருந்தவரை நாம் அறிந்திராத கம்பளிச் சட்டைகளும் ரஜாய்களும் அதனின்றும் வெளிப்படும். அவற்றுடன் ஒரு நெடியும் வெளிப்படும். அது பாச்சை உருண்டையின் நெடி. வெயிற்காலத் தொடக்கத்தில் துணிகளுக்கிடையே நாம் இட்டு வைத்த வெண்ணிற உருண்டைகளுட் சில மிளகளவாகச் சுருங்கியிருக்கும். சில இருந்த இடம் தெரியாமல் மறைந்திருக்கும்.

இவ்வுருண்டை நெடுங்காலமாக நாப்தலீன் என்னும் பொருளால் செய்யப்பட்டு வருவது. நிலக்கரித் தாரினின்று பிரித்தெடுக்கப்படும் அப்பொருளின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் பத்துக் கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் அமைந்துள்ளன. கல்லூரியில் இரசாயனம் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இதனை வரைந்து காட்டுமாறு கேட்டால், ஒரு பக்கம் பொதுவாக அமைய இரண்டு அறுகோணங்களை ஒட்டி வரைந்து, அவற்றினுள் சில கோடுகளை இரட்டையாக இட்டுக் காட்டுவார்கள். ஒரு கோடு ஒரு பிணைப்பு. இரு கோடு இரட்டைப் பிணைப்பு. இதில் ஐயம் கொள்வார் இன்று எவரும் இலர்.

ஆனால் இக்கோட்டை முதன்முதலாகத் தாளில் இட்டவர்களுக்கு அது எதனைக் குறிக்கின்றது என்பது தெரியாது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், பொருள் தெரியாமலேயே அக்குறியை அறிஞர் உலகம் கையாண்டது. கையாண்டு புதிய சாயங்களையும் மருந்துகளையும் ஆக்கியது. நாடுகளின் வாணிபத்தையே மாற்றியது. பொருள் விளங்குவதற்கு முன்னரே எழுத்துத் தோன்றிவிட்ட இவ்விந்தையான வரலாற்றையே இவ்வுரையில் காண விழைகின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரசாயன அறிஞர்கள் ஒரு பொருளில் எந்தெந்த மூலகம் எவ்வளவு உள்ளது என்பதைத் துல்லியமாக நிறுத்துக் காணும் வித்தையைக் கற்றுக்கொண்டனர். அளவு தெரிந்துவிட்டால் பொருளும் தெரிந்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. 1820-களில் அந்நம்பிக்கைக்கு ஒரு சோதனை வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த லீபிக் என்னும் இளைஞர், தொட்டால் வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் ஒன்றை ஆராய்ந்தார். அவர் நாட்டவரான வோலர் என்னும் மற்றோர் இளைஞர், சற்றும் வெடிக்காத வேறொரு வெள்ளிச் சேர்மத்தை ஆராய்ந்தார். இருவரும் வெளியிட்ட கணக்குகள் ஒன்றாகவே இருந்தன. யாரோ ஒருவர் தவறு செய்திருக்க வேண்டும் என்று முதலில் எண்ணினர். மீண்டும் நிறுத்துப் பார்த்தபோது இருவர் கணக்கும் சரியே என்று தெரிந்தது. 1828ஆம் ஆண்டில் வோலர், அம்மோனியம் சயனேட் என்னும் உப்பினின்று யூரியாவைப் பெற்றார். மூத்திரத்தில் காணப்படும் பொருளை உயிரினத்தின் துணையின்றி ஆக்கியமைக்காக அச்செயல் புகழ்பெற்றது. எனினும் நம் வரலாற்றுக்கு வேண்டுவது அதிலுள்ள வேறொரு செய்தியாகும். அவ்வுப்பிலும் யூரியாவிலும் உள்ள அணுக்கள் வகையாலும் தொகையாலும் ஒன்றே.

தமிழறிந்தார்க்கு இது வியப்பூட்டுவதன்று. ‘நகரம்’ என்று எழுதி, நடுவிலுள்ள இரண்டு எழுத்துக்களை இடம் மாற்றினால் ‘நரகம்’ ஆகிவிடுகின்றது. எழுத்துக்கள் அவையே, வரிசைதான் வேறு. பொருளின் இயல்பு அணுக்களின் தொகையில் மட்டும் இல்லை, அவற்றின் அடுக்கிலும் உள்ளது என்பது இவ்வாறு புலனாயிற்று. ஆனால், கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் அடுக்கை எவ்வாறு காண்பது? எந்த ஆற்றல் ஓரணுவை மற்றோர் அணுவின் அருகில் நிறுத்தி வைக்கின்றது?

சுவீடன் நாட்டுப் பேரறிஞர் பெர்சீலியஸ் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். நேர்மின்னும் எதிர்மின்னும் ஒன்றையொன்று ஈர்ப்பது போலவே மூலகங்களும் ஈர்த்துச் சேர்கின்றன என்றார் அவர். கறியுப்பு போன்றவற்றுக்கு இது நன்றாகவே பொருந்தியது. கார்பன் சேர்மங்களிலோ இடறியது. பிரெஞ்சு அறிஞர் டூமா 1830-களின் இறுதியில் காடியிலுள்ள அமிலத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் மூன்றினை நீக்கி அவற்றின் இடத்தில் குளோரின் அணுக்களை அமர்த்தினார். ஒன்று நேர்மின் இயல்பினது. மற்றொன்று எதிர்மின் இயல்பினது. ஆயினும் புதிய பொருளும் பழையது போலவே அமிலமாக இருந்தது. பகைவர் வீட்டில் குடிபுகுந்தவர் அவ்வீட்டாராகவே நடந்துகொண்டது போன்ற நிலை இது. இதனால் மனம் தளர்ந்த சிலர், அணுக்களின் உண்மையான அடுக்கை மனிதர் அறிய வழியில்லை. சூத்திரம் என்பது ஒரு பொருள் என்னென்ன மாறுதல்களுக்கு உள்ளாகும் என்பதைக் குறிக்கும் சுருக்கெழுத்து மட்டுமே என்று கூறி அமைந்தனர்.

1852ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஃபிராங்க்லண்ட், ஒவ்வொரு மூலகத்தின் அணுவுக்கும் பிற அணுக்களைப் பற்றிக்கொள்வதில் ஒரு வரம்பு உண்டு என்று காட்டினார். இவ்வரம்பையே இணைதிறன் என்கிறோம். ஹைட்ரஜனுக்கு ஒரு கை; ஆக்சிஜனுக்கு இரண்டு. 1858ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கெக்குலே, கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்றும், கார்பன் அணுக்கள் தம்முள் கைகோத்துச் சங்கிலியாக நீள வல்லவை என்றும் கூறினார். சர்க்கரையும் எண்ணெயும் பஞ்சும் சாயமும் எல்லையின்றிப் பெருகி நிற்பதன் இரகசியம் இச்சங்கிலியே. கெக்குலேயின் புகழ் அன்றே நிலைபெற்றது.

அதே ஆண்டில், அதே உண்மையைத் தாமாகவே கண்டவர் இன்னொருவரும் இருந்தார். அவர் பெயர் ஆர்ச்சிபால்ட் ஸ்காட் கூப்பர். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள சிற்றூரில் 1831ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையில் பழம்பெரும் மொழிகளையும் தத்துவத்தையும் பயின்று, பின்னரே இரசாயனத்துக்கு வந்தவர். பாரிஸ் நகரில் வூர்ட்ஸ் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த காலத்தில் கூப்பர் ஒரு கட்டுரை வரைந்தார். மொழி கற்றவருக்கே தோன்றக்கூடிய வாதம் ஒன்று அதில் உண்டு. ஒரு நூலைப் புரிந்துகொள்ள விரும்புகிறவன், அதிலுள்ள ஏதோவொரு சொல்லை அச்சாகக் கொண்டு மற்ற எல்லாச் சொற்களையும் அதன் திரிபுகள் என்று விளக்கப் புகுவானாயின் அது அறிவுடைமை ஆகுமா? எழுத்துக்கள் எவை, அவை கூடும் நெறி யாது என்று காண்பதன்றோ முறை? அவ்வாறே சேர்மங்களை ஆராய்வார் அணுக்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கட்டுரையில்தான், அணுவைக் குறிக்கும் எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே அவர் கோடு இட்டுக் காட்டினார்.

கட்டுரையைப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் படிப்பிக்க வேண்டும். வூர்ட்ஸ் அக்கழகத்தின் உறுப்பினராக அப்போது இல்லை. உறுப்பினர் ஒருவர் வாயிலாகவே அது அரங்கேற வேண்டியிருந்தது. காலம் தாழ்ந்தது. டூமாவின் வாயிலாக ஜூன் 14ஆம் நாள் அது கழகத்தின்முன் வைக்கப்பட்டபோது கெக்குலேயின் கட்டுரை வெளிவந்து சில வாரங்கள் ஆகிவிட்டிருந்தன. மனம் கொதித்த கூப்பர் தம் ஆசிரியரிடம் சினந்து பேசினார். ஆய்வுக்கூடத்தை விட்டு நீங்கும்படி ஆயிற்று. எடின்பரோவில் உதவியாளர் பணி ஒன்று கிடைத்தது. ஆனால் 1859ஆம் ஆண்டில் அவர் உள்ளம் நிலைகுலைந்தது. மீண்டும் ஆய்வுப் பணிக்கு அவர் திரும்பவேயில்லை. அன்னையின் பராமரிப்பில், உலகம் அறியாமல், முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1892ஆம் ஆண்டில் மறைந்தார். கெக்குலேயின் மாணவரும் பான் நகரில் அவர்தம் பதவியில் பின்னர் அமர்ந்தவருமான ஆன்ஷூட்ஸ் என்பவரே கூப்பரின் கட்டுரைகளைத் தேடிக் கண்டு, வாழ்க்கையையும் விசாரித்து அறிந்து, 1909ஆம் ஆண்டில் உலகுக்கு உரைத்தார். ஆசிரியரின் புகழுக்குப் பங்குதாரர் ஒருவர் உண்டு என்பதை மாணவரே முன்வந்து நிலைநாட்டிய இச்செயல் போற்றுதற்கு உரியது. இன்று உலகெங்கும் மாணவர் இடும் ஒவ்வொரு கோட்டிலும் அந்த ஸ்காட்லாந்து இளைஞரின் கைவண்ணம் உள்ளது.

கோடு பரவியது. எனினும் அதனைக் கையாண்ட பெரியோர் காட்டிய எச்சரிக்கை நம் கவனத்துக்கு உரியது. 1864ஆம் ஆண்டில் எடின்பரோவின் கிரம் பிரௌன், எழுத்துக்களை வட்டமிட்டுக் கோடுகளால் இணைத்து, ஏறக்குறைய இன்றைய வடிவிலேயே படங்களை வெளியிட்டார். அணுக்கள் வெளியில் உண்மையாகவே இவ்விடங்களில் நிற்கின்றன என்று தாம் சொல்லவில்லை. எது எதனோடு இணைந்துள்ளது என்பதை மட்டுமே தம் படம் காட்டும் என்று அவர் தெளிவுபடுத்தினார். 1866ஆம் ஆண்டில் ஃபிராங்க்லண்ட் அக்கோட்டுக்கு ஒரு பெயர் தந்தார். நாம் இன்று பிணைப்பு என்று தமிழில் வழங்குவது அவர் வழங்கிய சொல்லின் பெயர்ப்பே. அணுவுக்கும் அணுவுக்கும் இடையே கயிறோ கம்பியோ இருப்பதாகத் தாம் கருதவில்லை என்று அவரும் உடனே சொல்லிவைத்தார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு இவ்வெச்சரிக்கையின் அருமை நன்கு விளங்கும். கட்டு, தளை, பந்தம், பிணைப்பு என்று எச்சொல்லை இட்டாலும், அச்சொல் தன் பழைய பொருளையும் உடன் கொண்டு வந்துவிடுகின்றது. படிப்பவர் மனத்தில் கயிறு தோன்றிவிடுகின்றது.

1874ஆம் ஆண்டில் கோட்டுக்குத் திசையும் கிடைத்தது. ஹாலந்து நாட்டின் வான்ட் ஹாஃப், அப்போது இருபத்திரண்டு வயதினர். பிரெஞ்சுக்காரரான லெ பெல் மற்றொருவர். கார்பனின் நான்கு கைகளும் தாளின் தளத்தில் கிடக்கவில்லை. நான்முக உருவம் ஒன்றன் நடுவிலிருந்து அதன் நான்கு முனைகளை நோக்கி நீள்கின்றன என்று இருவரும் தனித்தனியே கூறினர். இடக்கைக்கும் வலக்கைக்கும் உள்ள வேறுபாடு போல, ஒன்றன் கண்ணாடி நிழலாக மற்றொன்று அமையும் சேர்மங்கள் உண்டாவது இதனால் விளங்கிற்று. முதுபேராசிரியர் கோல்பே இதனைக் கண்டு வெகுண்டார். கால்நடை மருத்துவக் கல்லூரியில் பணிபுரியும் ஒருவர் அங்கிருந்து சிறகு முளைத்த குதிரையை இரவல் வாங்கி வானில் பறக்கிறார் என்று 1877ஆம் ஆண்டில் ஏளனம் செய்தார். 1901ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான முதல் நோபெல் பரிசு வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர், வேறு ஆராய்ச்சிகளுக்காக எனினும், அதே வான்ட் ஹாஃப் ஆவார்.

தாளில் இடும் கோடு தாளோடு நின்றுவிடவில்லை என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. அவுரிச் செடியினின்று நீலம் எடுப்பது நம்முடைய தொன்மையான தொழில். நீலத்தின் மூலக்கூறில் எந்த அணு எதனோடு பிணைந்துள்ளது என்பதை ஜெர்மானிய அறிஞர் பேயர் 1883ஆம் ஆண்டில் வரைந்து முடித்தார். வரைபடம் கிடைத்தபின் கட்டடம் எழுந்தது. 1897ஆம் ஆண்டில் தொழிற்சாலையில் செய்த நீலம் சந்தைக்கு வந்தது. பீகாரிலும் வங்காளத்திலும் அவுரிச் சாகுபடி வேகமாகச் சுருங்கியது. அத்தொழிலில் நட்டம் கண்ட ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள், அவுரி பயிரிடும் கட்டாயத்தினின்று விடுவிப்பதாகக் கூறி, குத்தகையை உயர்த்தியும் ஈட்டுத்தொகை வாங்கியும் தம் சுமையைக் குடியானவர் தலையில் ஏற்றினர். 1917ஆம் ஆண்டில் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றது அக்குடியானவரின் குறை கேட்கவே. ஜெர்மானிய ஆய்வுக்கூடத்தில் வரையப்பட்ட சில கோடுகளும் சம்பாரண் உழவரின் கண்ணீரும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகும். அப்போதும் அக்கோடு யாதென எவருக்கும் தெரியாது.

நீலம் சந்தைக்கு வந்த அதே 1897ஆம் ஆண்டில்தான் விடையின் முதற்பகுதியும் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன், அணுவினும் மிகச் சிறிய, எதிர்மின் ஏற்ற துகள் ஒன்று உண்டு என்று நிறுவினார். அதுவே எலெக்ட்ரான். பிளவுபடாதது என்று கருதப்பட்ட அணுவுக்குள் உறுப்புகள் இருப்பது தெரிந்தபின், அணுக்களைச் சேர்த்து வைப்பதும் இவ்வுறுப்புகளின் செயலாக இருக்கலாமன்றோ?

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் லூயிஸ் என்னும் இளம் ஆசிரியர், 1902ஆம் ஆண்டில் மாணவருக்குப் பாடம் சொல்லும் முயற்சியில் ஒரு தாளில் சில கனசதுரங்களை வரைந்தார். கனசதுரத்துக்கு மூலைகள் எட்டு. அணுவின் வெளிப்புற எலெக்ட்ரான்கள் அம்மூலைகளில் அமர்வதாகவும், எட்டும் நிறைந்தால் அணு அமைதியுறுவதாகவும் அவர் கற்பனை செய்தார். அதனை உடனே அச்சிடவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, கலிபோர்னியாவில் பெர்க்லி நகரில் பேராசிரியராக இருந்தபோது, 1916ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். கூப்பரின் கோடு பொருள் பெற்றது அன்றுதான். அக்கோடு என்பது இரண்டு அணுக்கள் பொதுவில் வைத்துக்கொள்ளும் ஓர் இணை எலெக்ட்ரான்களே என்று லூயிஸ் உரைத்தார்.

இதனைச் சற்று விளங்கப் பார்ப்போம். கார்பன் அணுவில் எலெக்ட்ரான்கள் ஆறு. இரண்டு உள்ளே ஒடுங்கிக் கிடப்பன; நான்கு வெளியே உள்ளவை. எட்டு ஆவதற்கு இன்னும் நான்கு வேண்டும். ஹைட்ரஜனிடம் இருப்பது ஒன்று. அதற்கு வேண்டுவது இரண்டு. நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் கார்பனைச் சூழ்ந்து, ஒவ்வொன்றும் தன் எலெக்ட்ரானைப் பொதுவில் வைக்க, கார்பனும் தன் நான்கினையும் பொதுவில் வைக்கின்றது. கார்பனைச் சுற்றி எட்டு. ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் இரண்டு. இதுவே மீதேன் என்னும் வாயு. ஒருவர் கொடுக்க மற்றவர் பறித்துக்கொள்வது கறியுப்பின் வழி. இருவரும் பொதுவில் வைத்து இருவரும் ஆள்வது கார்பனின் வழி. பெர்சீலியஸின் கொள்கை ஏன் ஓரிடத்தில் பொருந்தி மற்றோரிடத்தில் இடறிற்று என்பதும் இதனால் தெளிவாகின்றது. லாங்மியூர் என்னும் அமெரிக்க அறிஞர் 1919ஆம் ஆண்டு முதல் இக்கொள்கையைத் தம் சொல்வன்மையால் பரப்பினார். பலமுறை பெயர் முன்மொழியப்பட்டும் லூயிஸுக்கு நோபெல் பரிசு கிடைக்கவில்லை. 1946ஆம் ஆண்டில் தம் ஆய்வுக்கூடத்திலேயே அவர் உயிர் நீத்தார்.

எலெக்ட்ரான்களே பிணைப்பு என்றானபின், சேர்மங்கள் மாறுவதும் எலெக்ட்ரான்களின் இடப்பெயர்ச்சியே ஆதல் வேண்டும். ராபர்ட் ராபின்சன் 1922ஆம் ஆண்டில், எலெக்ட்ரான்கள் எங்கிருந்து எங்குச் செல்கின்றன என்பதை வளைந்த அம்புக்குறியால் காட்டும் வழக்கத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்றவருள் தமிழ்நாட்டார் இருவரும் இருந்தனர். குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்திரி ஒருவர், சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன் மற்றொருவர். முன்னவர் வால்டேரிலும், 1949ஆம் ஆண்டு முதல் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக விளங்கினார். பின்னவர் லாகூரிலும் பம்பாயிலும் பணியாற்றி, 1957ஆம் ஆண்டில் புணேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். பூக்களுக்கும் பட்டைகளுக்கும் நிறம் தரும் பொருள்களின் கட்டமைப்பை ஆராய்ந்தவர் சேஷாத்திரி. சாயங்களின் இரசாயனத்தில் பெரும்புகழ் ஈட்டியவர் வெங்கட்ராமன். பிறந்த மாநிலத்துக்கு வெளியே பணிசெய்யச் சென்ற தமிழர் வரிசையில் இவ்விருவரையும் நாம் நினைவில் வைத்தல் தகும்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. எலெக்ட்ரான்கள் அனைத்தும் எதிர்மின் ஏற்றவை. ஒன்றையொன்று விலக்க வேண்டியவை. அவை இரண்டிரண்டாகக் கூடி அணுக்களைப் பிணைப்பது எங்ஙனம்? பழைய பௌதிகத்தில் இதற்கு விடையில்லை. 1927ஆம் ஆண்டில் சூரிக் நகரில் ஹைட்லர், லண்டன் என்னும் இரு இளைஞர்கள், அப்போது பிறந்திருந்த குவாண்டம் பௌதிகத்தைக் கொண்டு இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைக் கணக்கிட்டனர். எலெக்ட்ரான் ஓரிடத்தில் நிற்கும் துகளன்று. இரு அணுக்களையும் தழுவிப் பரவி நிற்பது. அவ்வாறு இரண்டு எலெக்ட்ரான்கள் எதிரெதிர்ச் சுழற்சியோடு பரவும்போது மொத்த ஆற்றல் குறைகின்றது. அக்குறைவே பிணைப்பின் வலிமை. 1931ஆம் ஆண்டில் பாலிங் என்னும் அமெரிக்கர், கார்பனின் நான்கு வெளி எலெக்ட்ரான்களும் கலந்து ஒத்த நான்கு திசைகளை மேற்கொள்வதையும், அத்திசைகளுக்கு இடையேயுள்ள கோணம் 109.5 பாகை ஆவதையும் காட்டினார். கோல்பே ஏளனம் செய்த நான்முகம் இவ்வாறு கணக்கிலிருந்தே எழுந்து நின்றது.

இனி நம் பாச்சை உருண்டைக்குத் திரும்ப வேண்டும். அதன் தாய்ப்பொருள் பென்சீன். 1825ஆம் ஆண்டில் ஃபாரடே, விளக்கெரிக்கும் வாயுவினின்று படிந்த திரவத்தில் கண்டெடுத்த பொருள் அது. ஆறு கார்பனும் ஆறு ஹைட்ரஜனும் உடையது. கார்பன் ஒவ்வொன்றுக்கும் நான்கு கை என்னும் விதியோடு இதனைப் பொருத்த முடியாமல் பலர் தவித்தனர். 1865ஆம் ஆண்டில் கெக்குலே, ஆறு கார்பன்களையும் வளையமாகக் கோத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைக் கோடுகளை இட்டார். தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கனவுநிலையில் கண்டதாக 1890ஆம் ஆண்டில், தமக்கெடுத்த விழாவில், அவரே கூறினார். வளையம் உண்மை. ஆனால் கோடுகள் பொருந்தவில்லை. அடுத்தடுத்த இரு கார்பன்களின்மீது குளோரின் அணுக்களை அமர்த்தினால், அவற்றிடையே ஒற்றைக்கோடு இருப்பது ஒரு பொருளாகவும் இரட்டைக்கோடு இருப்பது வேறு பொருளாகவும் அமைய வேண்டும். கிடைத்ததோ ஒரே பொருள். இரட்டைப் பிணைப்பு உடையவை புரோமினை உடனே ஏற்றுக்கொள்ளும். பென்சீன் எளிதில் ஏற்பதில்லை. கோடுகள் இடைவிடாது இடம் மாறி ஆடுகின்றன போலும் என்று 1872ஆம் ஆண்டில் கெக்குலே சமாதானம் கூறினார்.

1929ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் காத்லீன் லான்ஸ்டேல் என்னும் அம்மையார், பென்சீன் வளையத்தை உட்கொண்ட ஒரு படிகத்தை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, வளையம் தட்டையானது, பக்கங்கள் ஒத்த அறுகோணம் என்று நிறுவினார். ஆங்ஸ்ட்ரம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக்கோடியில் ஒரு பங்கு. கார்பன்களிடையே ஒற்றைப் பிணைப்பின் நீளம் 1.54 ஆங்ஸ்ட்ரம், இரட்டைப் பிணைப்பின் நீளம் 1.34. பென்சீனின் ஆறு பக்கங்களும் ஒன்றுபோல் 1.40 அளவின. ஆகவே அங்கே ஒற்றைக் கோடும் இல்லை, இரட்டைக் கோடும் இல்லை. ஒவ்வொரு கார்பனும் தரும் ஓர் எலெக்ட்ரான், எந்த இரண்டு அணுக்களுக்கும் உரியதாகாமல், வளையம் முழுவதற்கும் பொதுவாகப் பரவியுள்ளது. 1931ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹுக்கல் இதற்குக் கணக்குக் கண்டார். பாலிங் வேறு வழியில் அதே முடிவை அடைந்தார்.

எலெக்ட்ரான்கள் வளையமெங்கும் உலவுவது மெய்யாயின், அதனைக் காட்டும் சோதனையும் வேண்டுமன்றோ? அத்தகைய சான்றுகளுள் சிறந்த ஒன்று வங்கத்தில் கிடைத்தது. கண்டவர், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். கல்கத்தாவில் ராமனோடு இருந்து 1928ஆம் ஆண்டின் புகழ்மிக்க ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் பங்குகொண்டவர். பின்னர், சத்தியேந்திரநாத போஸ் பணியாற்றிய டாக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே குஹா, பானர்ஜி என்னும் துணைவருடன், நாப்தலீன், ஆந்த்ரசீன் முதலியவற்றின் சிறு படிகங்களை, குவார்ட்ஸ் கல்லை உருக்கி இழுத்த மெல்லிய இழையில் கட்டிக் காந்தத்தின் முனைகளுக்கு இடையே தொங்கவிட்டார். இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்கிக்கொண்டே போனால் ஓர் எல்லையில் படிகம் சட்டெனத் திரும்பிவிடும். அந்த முறுக்கின் அளவிலிருந்து, காந்தம் படிகத்தை எத்திசையில் எவ்வளவு விலக்குகிறது என்பதைக் கணக்கிடலாம்.

விலையுயர்ந்த கருவி ஏதும் இல்லை. இழையும் காந்தமும் பொறுமையுமே. கிடைத்த முடிவு அரிது. வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் அம்மூலக்கூறுகளைக் காந்தம் விலக்கும் ஆற்றல், தளத்தின் திசைகளில் உள்ளதைவிடப் பன்மடங்காக இருந்தது. கம்பி வளையத்தில் மின்சாரம் ஓடினால் எவ்வாறு நிகழுமோ அவ்வாறு நிகழ்ந்தது. எலெக்ட்ரான்கள் வளையத்தைச் சுற்றி ஓடுகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான அறிகுறி வேண்டுமோ? படிகத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பதையும் இவ்வழியால் அறிய முடிந்தது. 1933ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சி இலண்டன் ராயல் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. 1936ஆம் ஆண்டில் லான்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் இணைந்தே ஒரு கட்டுரை வெளியிட்டனர். பாலிங்கும் அவ்வாண்டிலேயே இதற்கு விளக்கம் எழுதினார். கிருஷ்ணன் பிற்காலத்தில் தில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தை அதன் முதல் இயக்குநராக நடத்தி, 1961ஆம் ஆண்டில் காலமானார்.

அண்மைக்காலத்துச் செய்தி ஒன்றும் உண்டு. 2009ஆம் ஆண்டில் சூரிக் நகருக்கு அருகிலுள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில், ஐந்து அறுகோண வளையங்கள் வரிசையாக ஒட்டிய பென்டசீன் என்னும் மூலக்கூறைக் கடுங்குளிரில் கிடத்தி, நுனியில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறைத் தாங்கிய ஊசியால் மேலே தடவாமல் தடவி, ஒவ்வோரிடத்திலும் தோன்றும் விசையை அளந்தனர். அளவுகளைப் படமாக்கியபோது ஐந்து அறுகோணங்களும் புலப்பட்டன. அது கண்ணால் கண்ட கோடு அன்று. எலெக்ட்ரான்கள் செறிந்த இடங்களில் ஊசி உணர்ந்த விசையின் படமே. எனினும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அணுக்களை ஒருபோதும் காண வழியில்லாதவர்கள், எடை நிறுத்தும் தராசையும் தம் அறிவையும் மட்டுமே துணையாகக் கொண்டு தாளில் இட்ட கோடுகளோடு அப்படம் ஒத்திருந்தது.

இவ்வரலாற்றில் நாம் கற்கத்தக்கது யாது? கோடு பொய்யன்று, முழு உண்மையும் அன்று. மீதேனில் அது ஓர் இணை எலெக்ட்ரான்களைச் சரியாகவே குறிக்கின்றது. பென்சீனில் அது தளர்ந்துபோகின்றது. அங்கே இரண்டு படங்களை எழுதி, உண்மை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்று சொல்ல வேண்டியுள்ளது. குறியின் எல்லையை அறிந்து, அது காட்டாததைக் காட்டுவதாகச் சொல்லாமல் இருந்தவர்களே அக்குறியைக் கொண்டு அதிகம் சாதித்தார்கள். கிரம் பிரௌனும் ஃபிராங்க்லண்டும் இட்ட எச்சரிக்கையினால் கோட்டின் மதிப்புக் குறையவில்லை, நிலைத்தது.

கார்த்திகைக் குளிரில் பெட்டியைத் திறக்கும்போது நம்மை எதிர்கொள்ளும் நெடிக்கும் இதில் விளக்கம் உண்டு. உருண்டையில் ஒரு மூலக்கூறுக்கும் மற்றொன்றுக்கும் இடையே எலெக்ட்ரான் பங்கீடு இல்லை. மெல்லிய ஈர்ப்பு மட்டுமே உண்டு. ஆதலால் கோடைவெப்பத்தில் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, திரவமாகாமலே ஆவியாகி அகன்றுவிடுகின்றன. மூலக்கூறின் உள்ளேயுள்ள பிணைப்புகளோ அத்தகையன அல்ல. அவற்றுள் ஒன்றும் அறுவதில்லை. நம் நாசியை எட்டுவது பத்துக் கார்பனும் எட்டு ஹைட்ரஜனும் குலையாத முழு மூலக்கூறே. உருண்டை மறைந்தது, கோடுகள் மறையவில்லை.